இருநூறு சிவப்புப் பெட்டிகள்

"ஐயோ... ரத்தம்!"

செல்போனுக்குள்ளிருந்து பாய்ந்த அலறலில் மஹிமா போனைக் காதிலிருந்து விலக்கினாள்.

மஹிமா. வயது இருபத்தொன்பது. ஆரணியில் தனி ஆளாகப் பட்டுப்புடவை வியாபாரம் செய்பவள். அலறியது ஜெயம். கண்ணமங்கலத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா.

"யாருக்கும்மா ரத்தம்?"

"புடவைக்கு! சந்தனக் கலர் முகூர்த்தப் புடவை... பொட்டியத் தொறந்தா செவசெவன்னு கறை! நாளான்னிக்கு கல்யாணம். பொண்ணு அழுதுகினு கீறா!"

மஹிமா அலமாரியிலிருந்து அதே மாதிரிச் சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்தாள். புதிதாக அச்சடித்து வாங்கிய இருநூறில் ஒன்று. ஈர விரலால் தேய்த்தாள்.

கடையின் பெயர் அப்படியே விரலோடு வந்தது!

ரத்தமில்லை... மை!

"நாளைக்குள்ள வேற புடவை வரும்மா. என்னை நம்புங்க."

சொல்லிவிட்டாள். நெசவாளரிடம் வேறு முகூர்த்தப் புடவை எடுக்கக் கையில் பணமில்லை. இருந்ததெல்லாம் அந்த இருநூறு பெட்டிகளில் முடங்கிக் கிடந்தது.

பதினைந்தே நிமிடம். அச்சகத்தின் முன் ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் இல்லை. முதலாளி குணா மட்டும் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"குணாண்ணா, சாயம் போவுது. பணத்தைத் திருப்பிக் குடுங்க."

"இன்னாம்மா பேஜார் பண்றே? ஒரு பொட்டி அப்படி இருக்கும்."

"ஒண்ணு இல்ல... எல்லாமே!"

குணாவின் போன் ஒலித்தது. எண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. எடுக்காமல் வாசலுக்கு நழுவினான்.

மஹிமா சுற்றிலும் பார்த்தாள். மூலையில் பிரவுன் பேப்பர் சுற்றிய கட்டுகள். தன் பெட்டிகளில் மிச்சமோ?

ஒன்றைக் கிழித்தாள்.

பெட்டி இல்லை!

தங்க நிற லேபிள்கள்... ஆயிரக்கணக்கில்!

'கையால் நெய்த அசல் ஆரணிப் பட்டு.'

கீழே அசல் பட்டுக்கான முத்திரை. அவள் தினமும் பார்க்கும் முத்திரைதான். ஆனால் ஓர் எழுத்து பிழையாக இருந்தது!

போலி! பாலியஸ்டர் புடவையில் ஒட்டிப் பட்டென்று விற்கும் லேபிள்!

தடால்!

ஷட்டர் இறங்கியது.

உள்ளே குணா. அவளுடைய செல்போன் அவன் கைக்குப் போனது. மறு கை சுவிட்சைத் தட்டியது. அச்சு இயந்திரம் உறுமியது.

"இனி கத்தினாலும் கேக்காது."

"ஷ... ஷட்டரைத் தொறங்க."

"தொறக்கறேன். இதுல கையெழுத்துப் போடு."

பில் புத்தகத்தில் அவசரமாகக் கிறுக்கி நீட்டினான். அந்த லேபிள்கள் அத்தனையும் மஹிமாவின் கடை கொடுத்த ஆர்டர் என்று எழுதியிருந்தது!

"நாளைக்கு ஏதாச்சும் ஆனா மாட்டறது நீ. கையெழுத்துப் போட்டா முழுப் பணமும் ரீஃபண்டு. ஜல்தி!"

மேஜையில் நோட்டுக்கட்டு விழுந்தது. பக்கத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம். அதன் கத்தியைக் குணா விரலால் தடவினான்.

ஜன்னல் இல்லை. பின்வாசல் இல்லை. மை வாடையில் மூச்சு முட்டியது.

பேனாவை எடுத்தாள். ஒரு கையெழுத்து... புது முகூர்த்தப் புடவை. ஜெயத்தின் முகத்தில் சிரிப்பு.

அப்புறம்? அதே லேபிள் எத்தனை ஜெயங்களை அழ வைக்கும்?

பேனாவைக் கீழே போட்டாள்.

"முடியாது. என் கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச பட்டு கீது. அதையே அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுவேன். உன் பணம் வேணாம்!"

குணா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை நோக்கி இழுத்தான்.

"அப்ப கை எதுக்கு?"

தட்! தட்! தட்!

ஷட்டர் அதிர்ந்தது.

"குணா! நான் ஜெயக்குமாரு... தொறடா!"

குணா இளித்தான். "லேபிள் பார்ட்டி. வேலூர்ல பெரிய கை. உன்னை இன்னா பண்றதுன்னு அவரே சொல்வாரு."

இனி இரண்டு பேர்!

ஷட்டர் ஏறியது.

உள்ளே பாய்ந்த ஜெயக்குமார் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் குணாவின் சட்டையைப் பிடித்தான்.

"என் பணத்தை எடுடா!"

"அ... அண்ணே?"

"இன்னாடா பிரிண்டு இது? புடவையத் தொட்ட கஸ்டமர் கையெல்லாம் தங்கமாயிடுச்சு! லேபிள்ல எழுத்தே இல்ல! அந்தம்மா நேரா ஸ்டேஷனுக்குப் போயிடுச்சு. போன் போட்டா எடுக்க மாட்டியா?"

"எந்த ஸ்டேஷன்?"

"என் பின்னாடி பாரு!"

வாசலில் ஜீப். முதலில் இறங்கியவர் எஸ்.ஐ. பாஞ்சாலை.

"இவரை இடத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டியாந்தோம். வந்த உடனே பணத்தைத் திருப்பிக் கேக்கற கஸ்டமராயிட்டாரு."

மஹிமா வெளியே ஓடினாள். வெயில் முகத்தில் அறைந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது.

குணா கைகூப்பினான். "மேடம், எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தந்துடறேன்... வுட்டுடுங்க!"

பாஞ்சாலை விலங்கை மாட்டினார்.

"ஸ்டேஷனுக்கு வா. பத்து விரல்லயும் ரேகை எடுக்கணும். கவலப்படாதடா... எங்க மை சாயம் போவாது!"