ஒரே பக்கம் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்

போன் அலறியது.

ஏர்கன் மெக்கானிக் எடுக்கவில்லை. முட்டி வலி. நாற்காலிக்கும் போனுக்கும் நடுவே ஏழு அடி. ஏழு அடி போனாலே அதை அவர் வெளியூர்ப் பயணத்தில்தான் சேர்ப்பார்.

நின்றது. மறுபடியும் அலறியது.

எடுத்தார். மகள்.

"அப்பா... கிளப் தலைவரை யாரோ சுட்டுட்டாங்க. செத்துட்டாராம். இவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கப்பா..."

இவர் என்றால் மாப்பிள்ளை. துப்பாக்கி சுடும் கிளப்பில் குறி தவறாத கை.

மீதி விவரம் அழுகைக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. நேற்று மாலை தலைவர் தன் அறையில் தனியாக இருந்திருக்கிறார். பின்னாலிருந்த திறந்த ஜன்னல் வழியாக ஒரே ஒரு குண்டு. ஜன்னலுக்குக் கீழே மாப்பிள்ளையின் ஏர்கன். முந்தாநாள்தான் அணிப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று மாப்பிள்ளை தலைவரிடம் ஊர் கேட்கச் சத்தம் போட்டிருந்தார்.

"அழாதே. சாப்பிட்டியா?" என்றார் மெக்கானிக்.



போனை வைப்பதற்குள் வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கடையிலிருந்த ஒரே நல்ல நாற்காலியைக் கேட்காமலே கண்டுபிடித்து உட்கார்ந்தார். துணி சுற்றிய துப்பாக்கியை மேஜையில் வைத்தார்.

"இதுக்கு ஸ்பிரிங் போட்டது நீங்களாமே?"

"ஆமா சார். மெல்லிசு ஸ்பிரிங். அட்டையில குறி பார்க்கறதுக்கு. இதால சுட்டா மனுஷன் திட்டுவான், சாக மாட்டான்."

"குண்டு எலும்புல இறங்கியிருக்கு. திறங்க."

மெக்கானிக் துப்பாக்கியைத் தன் மரச்சட்டத்தில் படுக்க வைத்தார். பெரிய திருகால் பின்மூடியை அமுக்கிக்கொண்டு, குறுக்கே ஆணிபோல் போகும் பின்னைத் தட்டி எடுத்து, திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். சட்டம் இல்லாமல் பின்னைத் தட்டினால் உள்ளே அடங்கிக் கிடக்கும் ஸ்பிரிங், மூடியைக் கொண்டுபோய் எதிரே இருப்பவர் மூஞ்சியில் ஒட்டும்.

மூடி வந்தது. பின்னாலேயே ஸ்பிரிங் வந்தது.

அவருடையது இல்லை. தடித்த கம்பி. குட்டையாக இரண்டு. ஒன்றன் பின் ஒன்றாக.

இதற்கு ஆளைக் கொல்லும் பலம் உண்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார்... இது மாப்பிள்ளை வேலை இல்ல."

"எப்படி?"

"ரெண்டைச் சேர்த்தா, ஒண்ணு வலது பக்கம் சுத்தினது, ஒண்ணு இடது பக்கம் சுத்தினது. நடுவுல ஒரு வாஷர். அப்பதான் ஒண்ணோட முறுக்கை இன்னொண்ணு தின்னும். இங்க ரெண்டும் ஒரே பக்கம். வாஷரும் இல்ல. சுட்டா துப்பாக்கி கையிலயே திரும்பும், குண்டு வலது பக்கம் ஓடும். மாப்பிள்ளைக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பொண்ணைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே."

"மாமனார் சாட்சி கோர்ட்ல நிக்காது பெரியவரே."

நிற்காதுதான். மெக்கானிக்குக்கே நிற்க முடியவில்லை. ஸ்டூலில் சாய்ந்தார்.

துப்பாக்கி இருந்தது கிளப் அலமாரியில், சாவி இருவரிடம் என்றார் இன்ஸ்பெக்டர். ஒன்று மாப்பிள்ளையிடம். இன்னொன்று கோச்சிடம். கோச்சுக்கும் தலைவருக்கும் ஆகாது. அடுத்த மாதம் புது கோச் வருவதாகப் பேச்சு. ஆனால் தனக்குச் சுடத்தான் தெரியும், துப்பாக்கியைத் திறந்தே பார்த்ததில்லை என்கிறாராம். கடையை அடையாளம் காட்ட வந்தவர், ஜீப்பில்தான் இருக்கிறார்.

"கூப்பிடுங்க சார்," என்றார் மெக்கானிக்.

கோச் வந்தார். தாடையில் ஒரு பிளாஸ்டர்.

"ஷேவ் பண்ணும்போது..." என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

மெக்கானிக் அலமாரியிலிருந்து அதே மாடலில் இன்னொரு ஏர்கன்னை எடுத்தார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், என் கை நடுங்குகிறது, அந்தப் பின்னை மட்டும் தட்டிக் கொடுங்கள் என்று சுத்தியலை நீட்டினார்.

கோச் தயங்கினார். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கினார். துப்பாக்கியை மேஜை விளிம்பில் முட்டுக் கொடுத்தார். பின்மூடியை இடுப்பால் அழுத்திக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடினார்.

தாடையை மட்டும்... நன்றாக இடது பக்கம் திருப்பிக்கொண்டார்.

டக்.

அந்தப் பின் கழன்று விழுந்தது. இடுப்பை நகர்த்தியதும் மூடி சாவகாசமாகக் கழன்று தரையில் உருண்டது. அவ்வளவுதான்.

உள்ளே ஸ்பிரிங் இல்லை. நாலு வருஷமாகவே இல்லை.

"திறந்தே பார்க்காத ஆளு, உள்ளே என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்ப்பாரு சார்," என்றார் மெக்கானிக் களைப்பாக. "ஒரு தடவை அடி வாங்கினவருதான் தாடையைத் திருப்புவாரு."

இன்ஸ்பெக்டர் எழுந்து பிளாஸ்டரை உரித்தார். பிறை வடிவில் ஒரு வெட்டு. மாப்பிள்ளை துப்பாக்கியின் மூடியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

கோச் உட்கார இடம் தேடினார். நல்ல நாற்காலி இப்போது காலியாகத்தான் இருந்தது.

"தலைவர் சாகல," என்றார் இன்ஸ்பெக்டர்.

கோச்சும் மெக்கானிக்கும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

பிடரிக்கு வைத்த குறி வலது பக்கம் ஓடி, காதின் பின்பக்கத்தைக் கிழித்து, அங்கே எலும்பில் தங்கிவிட்டது. விழுந்தபோது மேஜையில் தலை மோதி மயக்கம். இன்று காலைதான் கண் திறந்தார். சுட்டவன் மிச்சத்தை முடிக்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிடக் கூடாது என்று, செத்துவிட்டதாகச் சொல்லி வைத்தது இன்ஸ்பெக்டர்தான்.

கோச்சின் போனை வாங்கி, அழைப்புப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போன இன்ஸ்பெக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"போன புதன், மத்தியானம் ரெண்டு பத்து. உங்க கடை நம்பர். என்ன பேசினீங்க பெரியவரே?"

ஸ்பிரிங்கைப் பார்த்த நிமிஷத்திலிருந்து மெக்கானிக்கைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான்.

"யாருன்னு கேட்கல சார். ரெண்டு ஸ்பிரிங்கைச் சேர்த்து வைக்கலாமான்னாங்க. வைக்கலாம்னேன்."

"எந்தப் பக்கம் சுத்தினதுன்னு சொல்லலையா?"

"சொல்லணும்தான். கண்ணைச் சொருகிச்சு, போனை வச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். திட்டுவதா கும்பிடுவதா என்று புரியாத பார்வை.

மெக்கானிக் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகளிடம் சொல்ல ஏழு அடி நடக்க வேண்டும். பாதி வழியில் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நல்ல காது பக்கமா நின்னு சொல்லுங்க... அவரைக் காப்பாத்தினது என் மத்தியானத் தூக்கம்னு."