நம்பர் இல்லாத அறிக்கை

“நாளைக்கு எனக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுங்க. அதுக்குள்ள அந்த அறிக்கை கெடைக்கலீன்னா பட்டமும் போச்சு, மானமும் போச்சு!” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருடத்து சரஸ்வதி பூஜை நாள். போத்தனூர் ஸ்டேஷன் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் வாழைக்கன்று கட்டி, ஹாரன் அடித்து ஊரையே ரெண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். லீவு நாளில் ஒரு கேஸ் வந்தால் மெஹராஜுக்கு அதைவிடப் பண்டிகை வேறென்ன வேண்டும்? பக்கத்து அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள்தான். ஆனால் மனசெல்லாம் இந்த அறையில். அறைக்குச் சொந்தக்காரர் ஆரோக்கியதாஸ், ரயில்வே பார்சல் ஆபீஸில் காலமெல்லாம் தொலைந்த பார்சலைத் தேடிப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு ஊரார் தொலைத்ததைத் தேடித் தருகிறார். இடியே விழுந்தாலும் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“பேரு சொல்லுங்க, கண்ணு. மொதல்லருந்து வாங்க,” என்றார்.

பேர் லின்சி. ஊருக்கு மேற்கே இருக்கும் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், பாவம், பிழைத்துப் போகட்டும். நொய்யல் கரைக் கிணறுகள் எப்படி உப்பாகிப் போயின என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இன்றைக்குத் தண்ணீர் உப்பென்று யாரும் சொல்லலாம். முன்பு நன்றாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டுமே! அதற்கு ஒரே சாட்சி, மில்காரர்கள் சங்கம் ஒன்று எழுபத்து மூன்றில் கிணறு கிணறாக அளந்து, சைக்ளோஸ்டைல் எடுத்து வைத்த ஓர் அறிக்கை. அந்தச் சங்கம் மூடி ரொம்ப நாளாயிற்று.

“எங்க கைடு வரதராஜுலு சார் ஊட்டு மில்லை மூடுனப்ப, ஆபீஸ் காயிதத்தையெல்லாம் கட்டுக் கட்டா எங்க லைப்ரரிக்குக் குடுத்தாருங்க. அதுல ஒண்ணு அது. வேற எங்கியும் இல்லீங்க.”

“அதுக்கும் உங்க மானம் போறதுக்கும் என்னங்க சம்பந்தம்?” மெஹராஜால் பொறுக்க முடியவில்லை.

“எங்க டிபார்ட்மெண்ட் டாக்டர் ராமுலு சார் பத்து வருசம் முந்தி வாங்குன பட்டத்துக்கான ஆய்வேட்டுலயும் அதே எண்ணுங்கதான். அவரே கெணத்துல எறங்கி அளந்ததா எழுதியிருக்காரு. அவரோட எண்ணை நான் திருடிப்போட்டு, இல்லாத ஒரு அறிக்கை பேரைச் சேத்துட்டேன்னு மைசூர் எக்ஸாமினர்கிட்ட புகார் பண்ணிட்டாரு. சரி, அறிக்கையையே காட்டிப் போடலாம்னு நேத்து கட்டுலருந்து எடுத்து லைப்ரரியன் மேசை மேல வெச்சேன். இன்னிக்கு லீவுங்கறதால லைப்ரரில நேத்தே பூஜை நடந்துச்சு. பூஜை முடிஞ்சு பாத்தா, காணோம்!” லின்சி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மெஹராஜுக்கு ரத்தம் கொதித்தது. ஆரோக்கியதாஸ் கடைசி மடக்கைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். “வண்டியை எடுங்க, அம்மணி.”

டி.வி.எஸ். ஐம்பதில் மெஹராஜ் ஓட்ட, பின்னால் ஆரோக்கியதாஸ் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார, உக்கடத்தில் மாலை போட்ட லாரிகளுக்கு நடுவே புகுந்து கல்லூரி போய்ச் சேர்ந்தார்கள். லின்சி டவுன் பஸ்ஸில் பின்னாலேயே வந்தாள்.

நூலகர் கிளமென்ட் நல்ல மனுஷர். அன்று அவர் முகம் செத்துக் கிடந்தது. கூடத்தின் ஒரு மூலையில் அவர் மேசை. அதிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பூஜை மேடை: பட்டுத்துணி விரித்து, அதன்மேல் அடுக்கிய புத்தகங்கள், எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். அடுக்கின் மேல் கண்ணாடி போட்ட பெரிய சரஸ்வதி படம் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. ஆனால் படம் சாயாமல் செங்குத்தாக நிமிர்ந்து நின்றது; மாலை முன்பக்கம் நழுவித் தொங்கியது. விழுந்துவிடுமோ என்று மெஹராஜின் கை தன்னால் நீண்டது.

“ஐயோ, தொடாதீங்க! இன்னும் மறுபூஜை ஆகலீங்க,” என்று கிளமென்ட் பதறினார். “நானே தொடறதில்ல. எங்க அட்டெண்டர் பயபக்தியா வெச்சது. நேத்துத் தூசி தட்டக்கூட விடலீங்க.”

மெஹராஜ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அடுத்தவர் சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

“அந்த அறிக்கைக்கு ரெஜிஸ்டர் நம்பர் உண்டுங்களா?” என்று கேட்டார் ஆரோக்கியதாஸ்.

“அதானுங்க வம்பே! அது புஸ்தகமும் இல்ல, பத்திரிகையும் இல்ல. விலை கெடையாது, கடையில விக்காது. கிரே லிட்டரேச்சர்னு சொல்லுவாங்க. சங்கத்து அறிக்கை, கருத்தரங்குல படிச்ச கட்டுரை, அச்சுக்குப் போகாத ஆய்வேடு, எல்லாம் இந்த ஜாதிதான். எந்த லைப்ரரிலயும் இதுக்கு ஒழுங்கா நம்பர் போடறதில்ல. நம்பர் இல்லாததால அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு நானும் சத்தியம் பண்ண முடியலீங்க.”

“நம்பர் இல்லேன்னா பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுட்டீங்களோ?” மெஹராஜ் பாய்ந்தாள். வரும் வழியிலேயே அவள் முடிவு கட்டியிருந்தாள்: குற்றவாளி கிளமென்ட்தான்.

“வாசலை விட்டு ஒரு காயிதம் வெளிய போகல, அம்மணி! நேத்து நானே வாசல்ல நின்னு எல்லாருக்கும் பொரிப் பொட்டலம் குடுத்தேன். ஒவ்வொருத்தர் பையையும் தொறந்து பாத்துத்தான் அனுப்புனோம். அறிக்கையோ பெரிய ஃபுல்ஸ்கேப் சைஸு, சட்டைக்குள்ள செருக முடியாது. ராத்திரி பூட்டுற வரைக்கும் நானும் லின்சியும் அலமாரி அலமாரியாத் தேடிப்போட்டோம்.”

“அப்ப ராமுலு எங்க இருந்தாரு?” ஆரோக்கியதாஸ் கேட்டார்.

“பூஜையே அவரு தலைமைலதானுங்க. நூலகக் கமிட்டித் தலைவரு அவரு. பொரி வாங்க எல்லாரும் வராந்தாவுக்கு வந்தப்பக்கூட, சாமி முன்னாடி கண்ணை மூடிட்டு நின்னாரு. அந்த எடத்தை விட்டு நகரவே இல்ல. அவரைச் சந்தேகப்பட முடியாதுங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ராமுலுவே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். “ஏனுங்க கிளமென்ட், லீவு நாள்ல யாருங்க இவங்கெல்லாம்?” என்று விறுவிறுவென்று உள்ளே வந்தவர், தரையில் லின்சி பிரித்துப் போட்டிருந்த பழைய காகிதக் கட்டில் காலை இடித்துக்கொண்டார். கால் பட்டதுதான் தாமதம், சட்டென்று குனிந்து அந்தக் கட்டைத் தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் முறைத்தார்.

“நாளைக்கு மறுபூஜை சாயங்காலந்தானுங்க. நான் வந்துதான் பண்ணுவேன். அதுவரைக்கும் யாரும் மேடை கிட்டப் போகக் கூடாது, சொல்லிப்போட்டேன்.” லின்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“வருசா வருசம் காலைலதான் பண்ணுவாரு,” என்று முணுமுணுத்தார் கிளமென்ட்.

“அம்மணி, கெளம்பலாம்,” என்றார் ஆரோக்கியதாஸ்.

“என்ன சார், ஒரு அலமாரியைக்கூட நீங்க தொறந்து பாக்கலியே!”

“பாத்த எடத்தையே எத்தனை தரம் பாக்கறது? யாரும் பாக்க மாட்டாத எடத்தை மனசுல குறிச்சுக்கிட்டேன். கண்ணு, நீங்க போயி நல்லாத் தூங்குங்க. கிளமென்ட், அட்டெண்டர்கிட்டச் சொல்லி மேடைக்குக் காவல் போடுங்க.”

மெஹராஜுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. வழி நெடுகக் கெஞ்சினாள், கொஞ்சினாள், கோபித்துக்கொண்டாள். மனுஷன் வாயே திறக்கவில்லையே!

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளென்று வரதராஜுலுவே குறித்த வைவா நாள். காலையில் நூலகக் கூடத்தில் ராமுலு உட்பட எல்லாரும் கூடியிருந்தார்கள். வரதராஜுலு கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வைவா நடத்த வந்த மைசூர்ப் பேராசிரியை கண்ணாடிக்கு மேலே பார்த்து, “அறிக்கை எங்கே?” என்றார். லின்சி ஆரோக்கியதாஸைத் திரும்பிப் பார்த்தாள்.

“காட்டறேனுங்க. அதுக்கு முன்னால ஒரு விண்ணப்பம்,” என்று எழுந்தார் ஆரோக்கியதாஸ். “வரதராஜுலு அய்யா, நல்ல காரியம் நடக்கப் போகுது. மறுபூஜையை இப்பவே நீங்க பண்ணி வெச்சிருங்களேன்.”

“அதெப்படிங்க? சாயங்காலந்தான்னு சொல்லியாச்சு!” ராமுலுவின் குரல் உச்சத்துக்குப் போனது.

“ஏனுங்க ராமுலு, நான் பண்ணா சரஸ்வதி வேண்டாம்னா சொல்லுவா?” என்றார் வரதராஜுலு. கற்பூரம் ஏற்றிக் காட்டினார். எல்லாரும் கும்பிட்டார்கள்.

“இப்ப புஸ்தகத்தை எடுத்துப் படிக்கணும், இல்லீங்களா? அட்டெண்டரே, படத்தை மொதல்ல எறக்குங்க,” என்றார் ஆரோக்கியதாஸ்.

அட்டெண்டர் படத்தை ரெண்டு கையாலும் தூக்கினார். சுவருக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து ஒரு மஞ்சளேறிய ஃபுல்ஸ்கேப் கட்டு சறுக்கிக்கொண்டு வந்து பட்டுத்துணி மேல் விழுந்தது. நொய்யல் கரைக் கிணறுகள். எழுபத்து மூன்று.

“அடேங்கப்பா!” மெஹராஜ் கத்தியே விட்டாள். லின்சி ஓடிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“நாடகம்!” ராமுலு பாய்ந்து எழுந்தார். “இவளே ஒளிச்சு வெச்சுட்டு என் மேல பழி போடறா!”

“உக்காருங்க, சொல்றேன்,” என்றார் ஆரோக்கியதாஸ். குரல் ஏறவே இல்லை. “பொருள் வாசலைத் தாண்டல. அப்ப உள்ளதான் இருக்கோணும். அலமாரியெல்லாம் தேடியாச்சு. தேடாத எடம் இந்த மேடை ஒண்ணுதான். ஏன் தேடல? கிளமென்டும் லின்சியும் சர்ச்சுக்குப் போறவங்க. அடுத்தவங்க சாமியைத் தொட மாட்டாங்க. மத்தவங்க மறுபூஜை ஆகாமத் தொட மாட்டாங்க. இதைவிட நல்ல பூட்டு உண்டுங்களா? சாஞ்சு நிக்க வேண்டிய படம் நிமுந்து நின்னுச்சு, மாலை நழுவிப் போயிருந்துச்சு. எங்க அம்மணியோட கை அதுக்குத்தான் நீண்டது. பின்னால என்னமோ இருக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

மெஹராஜுக்கு ஒரு அடி உயர்ந்த மாதிரி இருந்தது. நேற்றுக் கிளமென்டைத் திட்டியதை நினைத்துக் கொஞ்சம் கூசவும் செய்தது.

“மேசைலருந்து மேடை கை நீட்டுற தூரம். எல்லாரும் பொரி வாங்கப் போனப்ப, எடத்தை விட்டு நகராமலே வேலையை முடிச்சவரு ஒருத்தரு. வைவா முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு மறுபூஜையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுனதும் அவருதான்.”

“நான் எடுத்திருந்தா கிழிச்சுப் போட்டிருக்க மாட்டேனா? எதுக்குப் பத்திரமா வெக்கோணும்?”

“உங்களால முடியாதுங்க. கால் பட்ட பழைய காயிதத்தையே கண்ணுல ஒத்திக்கறவரு நீங்க. அதைக் கிழிக்க உங்க கை வராது. கண்ணு, அந்த அட்டையைத் திருப்புங்க.”

லின்சி திருப்பினாள். அறிக்கையின் மூலையில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம்.

“சாமி கிட்ட வெக்கற எழுத்தைப் பொட்டு வெக்காம வெக்க மனசு வரல. லின்சி ஒளிச்சிருந்தா அந்த நெனப்பே வந்திருக்காது. ஏனுங்க கிளமென்ட், அன்னிக்குச் சந்தனக் கிண்ணம் யாரு கையில இருந்துச்சு?”

“ராமுலு சார் கையிலதானுங்க. அட்டெண்டரைக்கூடத் தொட விடல.”

ராமுலு அந்தப் பொட்டைப் பார்த்தார். “அந்தச் சங்கம் மூடுனப்ப எல்லாப் பிரதியும் எடைக்குப் போயிருச்சுன்னு நெனச்சேனுங்க,” என்றார் கடைசியில். “யாரு இதையெல்லாம் படிக்கப் போறாங்கன்னு…” அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

பேராசிரியை அறிக்கையையும் ராமுலுவின் ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அட்டவணை அட்டவணையாக விரல் ஓட்டிப் பார்த்தார். பிறகு ராமுலுவின் ஆய்வேட்டை மூடித் தள்ளி வைத்தார்.

“இதை நான் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டியிருக்கும். லின்சி, முதல் கேள்வி. இந்த அறிக்கையை நாளைக்கு ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் எங்கே தேடுவார்? நீங்கள் அதை ஆய்வேட்டில் எழுதவில்லையே?”

“எழுத நம்பரே இல்லீங்க, மேடம்.”

“அப்படியானால் நம்பர் வந்த பிறகு மற்ற கேள்விகள்.”

கிளமென்ட் பூஜையடுக்கிலிருந்த பதிவேட்டை எடுத்தார். விஜயதசமியன்று அவர் எழுதிய முதல் எழுத்து அந்த அறிக்கையின் நம்பர்தான். எழுதி முடித்து, பொட்டு அழியாமல் பார்த்து, அறிக்கையின் மேல் முத்திரை குத்தினார். லின்சி அந்த நம்பரைத் தன் ஆய்வேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் வைவா நடந்த அறையின் கதவு திறந்தது. லின்சி வெளியே வந்து தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். “டாக்டரம்மா!” என்று மெஹராஜ் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வரதராஜுலு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளமென்ட் மட்டும் அங்கே இல்லை. கூடத்துத் தரையில் உட்கார்ந்து, பிரித்துக் கிடந்த கட்டிலிருந்து அடுத்த அறிக்கையை எடுத்துத் தூசி தட்டி, அடுத்த நம்பரை எழுதிக்கொண்டிருந்தார்.