விலாவழியும் எலும்புவழியும்

மேசைமேல் ஒளியால் ஆன ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அது சலோமியின் இதயம். நெஞ்சுக்குள் இருந்த அசலின் தடுமாற்றம்கூட அதில் அப்படியே தெரிந்தது.

தூத்துக்குடியின் அந்த மருத்துவமனையில் இதய அறுவைக்கு வரும் எல்லோருக்கும் இப்படிக் கணினியில் உருவான ஒரு நிழலிதயம் உண்டு. முதலில் அதன்மேல்தான் கத்தி வைப்பார்கள். ஒவ்வொரு வழியிலும் தன்னையே ஆயிரக்கணக்கான தடவை அறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆளுக்கு எது நல்லது என்று அது சொல்லிவிடும். மருத்துவர்கள் தங்களுக்குள் வாதாடுவது நின்று பல காலமாகிவிட்டது.

சலோமிக்குப் பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தது. அதன் அமைப்புக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்திச் சரிசெய்வது ஒத்துவராது. மிச்சம் இருந்தவை இரண்டு. மார்பெலும்பின் மேல்பகுதியை மட்டும் சிறிதாகப் பிளப்பது எலும்புவழி. எலும்பைத் தொடாமல் வலப்பக்க விலாக்களுக்கு இடையே நுழைவது விலாவழி.

"உன் நிழல் விலாவழிதான்னு சொல்லுதுட்டி. கவலைய விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மருத்துவர் முத்தரசி. இருவரும் பள்ளியில் ஒரே கைப்பந்து அணியில் ஆடியவர்கள். முத்தரசி பந்தைத் தூக்கிக் கொடுப்பாள், சலோமி எகிறி அடிப்பாள். சலோமி அதன்பிறகும் பந்தை விடவில்லை. துறைமுகப் பள்ளியில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தாள். முத்தரசி சொன்னதும் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வால்வு நன்றாக வேலை செய்தது. ஆனால் விலாக்களை விலக்கியபோது நசுங்கிய நரம்பு ஆறவேயில்லை. வலக்கையைத் தலைக்கு மேலே ஓங்கினால் மார்பில் சூடு வைத்ததுபோல இருந்தது. பந்தை எப்படி அடிக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொடுக்கப் பழகினாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள், ஆனால் பந்தில் அடி சரியாக விழவில்லை. எலும்புவழியில் போயிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறு ஆண்டு பரிசோதனைக்குப் போனபோது முத்தரசி அறுவைக்கூடத்தில் இருந்தாள். சலோமி நிழலிதயத்தோடு அறையில் தனியாகக் காத்திருந்தாள். அதற்குப் பேச்சு உண்டு. ஆனால் மருத்துவர்கள்தான் அதோடு பேசுவார்கள். சும்மா இருப்பானேன் என்று, தனக்கு விலாவழியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டாள்.

"நான் தேர்ந்தெடுக்கவில்லை" என்றது நிழல். "உங்களுக்கு இரண்டு வழிகளும் சமம் என்றே கணித்தேன். சமமாக வந்தால் குலுக்கிப் போட வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட விதி. குலுக்கலில் விலாவழி விழுந்தது."

விதியை வகுத்தது யார் என்று கேட்டாள். மருத்துவர் குழு என்றது. அதன் தலைவி முத்தரசி.

முத்தரசி உள்ளே வந்தபோது சலோமி எழுந்து நின்றிருந்தாள். கேட்டதை அப்படியே சொன்னாள். முத்தரசி மறுக்கவில்லை, பொறுமையாக விளக்கத் தொடங்கினாள். எல்லோருக்கும் நிழல் சொன்ன வழியிலேயே செய்துகொண்டு போனால், மற்ற வழியில் அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நிழல் தன் பழைய பதில்களையே சரி என்று சொல்லிக்கொண்டு இருக்கும். அதற்குப் புதிதாக ஏதாவது தெரிய வேண்டும் என்றால் சிலரையாவது குலுக்கித்தான் ஆகவேண்டும். இதை முன்பு வெளிப்படையாகச் சொன்னபோது ஒருவரும் சம்மதிக்கவில்லை. பயந்துபோய் அறுவைக்கே வராதவர்களும் உண்டு.

"மத்தவங்கள விடு" என்றாள் சலோமி. "எங்கிட்ட ஏன் சொல்லல? ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா எலும்ப வெட்டுன்னு சொல்லியிருப்பேன். எனக்குக் கைதான வேணும்."

 முத்தரசி ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னாள்: "உன்னையும் உன்ன மாதிரி சிலரையும் வச்சு நிழல் கத்துக்கிட்டுட்டி. கைய ஓங்குத வேலை பாக்குறவங்களுக்கு இப்பல்லாம் விலாவழி வேண்டாம்னு சொல்லுது."

அதைக் கேட்டபோதுதான் தான் ஒரு சோதனைப் பொருளாக இருந்தது சலோமிக்கு உறைத்தது. தன்னை அறுத்தவள் தோழி என்றே அதுவரை நினைத்திருந்தாள். வெளியே நடந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. செய்தியாளர்களிடம் பேசினாள். வழக்குப் போட்டாள். இனி நிழல் நோயாளியிடம் நேரடியாகவே பேச வேண்டும், குலுக்கல் என்றால் குலுக்கல் என்று சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவள் எதிர்பாராதது ஒன்றும் கூடவே நடந்தது. குலுக்கலுக்கு ஒருவர்கூட உடன்படவில்லை. புதிய மருந்துகளும் புதிய வால்வுகளும் வந்தன. அவற்றோடு எந்த வழி பொருந்தும் என்று நிழலுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. வரவர அது பலரிடமும் சமம், சமம் என்றே சொன்னது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, பள்ளி மைதானத்துக்கு முத்தரசி வந்தாள். இளைத்திருந்தாள். நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. அவளுடைய பெருந்தமனி வால்வில் கசிவு. நிழலிடம் கேட்டிருக்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து நின்று அறுவை செய்பவர்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னிடம் போதிய ஆட்கள் இல்லை, ஆகவே சமம், குலுக்கலாமா என்று அது கேட்டிருக்கிறது.

"என்னால சரின்னு சொல்ல முடியல, சலோமி" என்றாள். "நீ அனுபவிச்சவ. எந்த வழியில போகன்னு நீ சொல்லு. நீ சொன்னா நம்புவேன்."

விலாவழி என்று சொல்லிவிடலாம் என்று சலோமிக்குத் தோன்றியது. அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. முத்தரசியின் உதடுகள் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள்.

"எனக்கு விலாவழி இன்னும் வலிக்கு" என்றாள். "உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதுட்டி."

முத்தரசி இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.