வெரோனிகாவின் இரட்டை இறக்கை

காலை 8.50. காவலாளி திறந்துவிட்ட மாடல் விமான கிளப் அறைக்குள் நுழைந்த வெரோனிகா, "ஐயோ மாதாவே!" என்று அலறினாள். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எட்டு மாதமாக அவள் செய்த குட்டி விமானம், மேல் இறக்கை முறிந்து தரையில் கிடந்தது.

லேசுப்பட்ட விமானமா அது? இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரெஞ்சுக்காரர்கள் சோதனைக்காகக் கட்டிப் பார்த்துக் கைவிட்ட போர் விமானத்தின் அச்சு அசல். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை. புரொப்பெல்லர் மூக்கில் இல்லை, வாலில். மாலை நாலு மணிப் போட்டியில் அது ஜெயித்தால் வெரோனிகா பாரிஸ் கண்காட்சிக்குப் போகலாம்.

9.40. சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி வந்து குனிந்து பார்த்தார். பேட்டரி இணைக்கப்பட்டிருந்தது. இறக்கையைத் திருப்பும் கம்பி ஒன்று தளர்த்தப்பட்டிருந்தது. புரொப்பெல்லரில் ரத்தம்.

"மேலே போனதும் விழணும்னு கம்பியைத் தளர்த்திட்டு, மோட்டார் ஓடுதான்னு சோதிச்சிருக்கான். யாருக்கோ நல்லா வயிறு எரிஞ்சிருக்கு."

சாவி இருவரிடம்தான். ஒருவர் காவலாளி பாவாடை. மற்றவர் பன்னிரண்டு வருட சாம்பியன் தனிஸ்லாஸ். கூத்தைப் பாருங்கள், இருவர் வலது கையிலும் கட்டு!

"கையில என்ன?"

"பேனர் கட்டுனேன் மேடம். தகரம் கிழிச்சிடுச்சு," என்றார் பாவாடை.

"பெரிய மார்க்கெட்ல வஞ்சிரம் வாங்கி அறுத்தேன்," என்றார் தனிஸ்லாஸ்.

அலமாரியிலிருந்து, மூக்கில் புரொப்பெல்லர் உள்ள சாதாரண விமானம் ஒன்றை சிவசங்கரி எடுத்து வைத்தார்.

"பேட்டரி போடப் போறேன். நகராம பிடிங்க."

பாவாடை, கோழியைப் பிடிப்பதுபோல் இரண்டு இறக்கையையும் பிடித்தார். அடுத்து தனிஸ்லாஸ். யோசிக்கவேயில்லை, நேரே பின்னால் போய் வாலைப் பிடித்தார்.

"விடுங்க சார், போதும். பழகுன கை வாலுக்குத்தான் போகும். மத்த விமானத்துல அது பத்திரமான இடம். இதுல அங்கதான் புரொப்பெல்லர். கண்ணுக்குத் தெரிஞ்சும் கைக்குப் பழக்கம் விடல. வெட்டுனதும் உதறுனீங்க, விழுந்துடுச்சு. ரத்தத்தை லேபுக்கு அனுப்பட்டுமா?"

தனிஸ்லாஸ் நாற்காலியில் சரிந்தார்.

"வேணாம்மா. பன்னெண்டு வருஷமா என்னைச் சுத்தி நின்ன கூட்டம், நேத்து உன்னைச் சுத்தி நின்னுச்சு, வெரோனிகா. பொறாமைதான். தாங்க முடியல."

வெரோனிகா முறிந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குச் செய்யத்தாண்ணே தெரியும், ஓட்டத் தெரியாது. சாயங்காலம் நீங்க ஓட்டிக் குடுப்பீங்களான்னு கேக்கத்தான் இவ்ளோ காலையிலயே வந்தேன்."