நடுச்சுரம்

பாலிகே ஊரில் பாடத் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேருந்து ஓட்டுநர் ஒரு குரல் எடுத்தால், பின்சீட்டுக்காரர் வேறு குரலில் சேர்ந்துகொள்வார். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் அறுவடைத் திருநாள் அன்று, தேவாலயத்தில் ரோத்துவா பாட்டைக் கெடுத்துவிட்டாள்.

சிறுவர் குழுவில் பெரிய பையன்கள் கீழ்ச்சுரமான ‘தோ’ பிடிப்பார்கள். லம்ரியா என்ற பெரிய பெண்ணின் கூட்டம் மேல்சுரமான ‘சோல்’ பாடும். மெட்டும் அவர்களுக்குத்தான். நடுவில் ‘மி’ பிடிக்க இரண்டே பேர்: ரோத்துவாவும், அவளைவிடச் சின்னவள் ஹோத்மாவும். நடுச்சுரம் தனியாக யார் காதிலும் விழாது. ஆனால் அது கொஞ்சம் இறங்கினால் சந்தோஷப் பாட்டு அழுகைப் பாட்டாகிவிடும். அது இல்லாவிட்டாலோ, பாட்டு வெறும் கூடு.

அன்று ரோத்துவாவின் அத்தை வெளியூரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் தன் குரல் விழவேண்டுமே என்ற ஆசையில் ரோத்துவா பாதிப் பாட்டில் மெட்டுக்குத் தாவிவிட்டாள். தனியாக மாட்டிய ஹோத்மா தடுமாறி வாயை மூடிக்கொண்டாள். பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. தலைகள் திரும்பின. எல்லோர் கண்ணிலும் பட்டது ஹோத்மாவின் மூடிய வாய்தான்.

பிறகு முற்றத்தில், காணிக்கையாக வந்த பூசணிக்காயும் கோழியும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. பையன்கள் ஹோத்மாவைக் கேலி செய்தார்கள். பாட்டுப் பழக்கும் சஹாத் அண்ணன், அங்கே பாடவிருந்த அடுத்த பாட்டுக்கு அவள் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தையோ ரோத்துவாவின் கன்னத்தைக் கிள்ளி, “உன் குரல்தான் கண்ணு கணீர்னு கேட்டுச்சு” என்றார்.

ரோத்துவாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. சுவரோரம் ஹோத்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபின் ரோத்துவாவால் சும்மா நிற்க முடியவில்லை.

“சஹாத் அண்ணா, தப்பு ஹோத்மா மேல இல்ல. நான்தான் அவளை விட்டுட்டு மெட்டுக்கு ஓடிட்டேன்.”

“ஏன்?”

“அத்தைக்குக் கேக்கணும்னு.”

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. சஹாத் அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹோத்மாவைக் கூட்டி வரச் சொன்னார், அவ்வளவுதான்.

ஹோத்மா அசையவில்லை. “நீ மறுபடியும் ஓடிடுவே.”

சத்தியம் செய்தால் நம்புவாளா? மாட்டாள். ரோத்துவா யோசித்தாள்.

“நாம பையன்களுக்குப் பின்னாடி நிப்போம். கொஞ்சம் இடுக்குதான். ஆனா அங்க மெட்டு என் காதுல அவ்வளவா விழாது. அத்தை கண்ணுலயும் நான் பட மாட்டேன். அப்புறம் நான் யாருக்காக ஓடப்போறேன்?”

ஹோத்மா அரைமனதாக எழுந்தாள்.

பாட்டு தொடங்கியது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி, பையன்களின் முதுகைப் பார்த்தபடி ‘மி’யைப் பிடித்தார்கள். கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் இடையே அது போய் உட்கார்ந்ததும் பாட்டு நிறைந்துவிட்டது. ஏலம் விட்டவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடியே நின்று கேட்டார். கடைசி வரை ரோத்துவா அந்தச் சுரத்தை விடவில்லை.

முடிந்ததும் ஹோத்மா அவளைப் பார்க்காமலே சொன்னாள்: “பாட்டு முழுக்க என் கால் மேலதான் நின்னே.”

“ஐயோ! ஏண்டி சொல்லல?”

“சொன்னா சுரம் போயிடுமே.”