உள்வட்டம்

இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரே கோட்டில் மூன்று தடிப்புகள் இருந்தன, ஆனால் அவை அரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இரவெல்லாம் துணி தேய்த்துவிட்டு வந்து, பகலில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறவள் அவள். கண் விழிக்கும்போது மத்தியானம் மூன்று மணி ஆகியிருக்கும், திரையின் ஓரத்தில் வெயில் நூலாகத் தொங்கும், சுவருக்குள் எங்கோ தண்ணீர்க் குழாய் முனகும், போர்வையிலிருந்து பச்சைத் தழையைக் கசக்கியது போன்ற வாடை லேசாக எழும்பும். பூச்சி கடித்தால் அரிக்கும், அரித்தால் சொறிவோம், அதுதானே உலக வழக்கம். அவளுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

புருஷன் செத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அழத்தான் அவளுக்கும் ஆசை. போன வாரம் இஸ்திரிப் பெட்டி விரலில் பட்டு, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அது தன் விரல் என்றே தெரிந்தது.

மகளுக்கு ஏழு வயது. எல்லாருக்கும் அவள் குட்டிதான். அந்தக் குட்டியின் முதுகிலும் இதே மாதிரி மூன்று தடிப்புகளை நாத்தனார் பார்த்துவிட்டாள், அன்றைக்கே துணிமணியோடு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பூச்சி ஒழியட்டும், அப்புறம் அனுப்புறேன். தப்பா எடுத்துக்காதம்மா."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அங்கே போன பிறகு குட்டிக்குக் கடி நின்றுவிட்டது. ஆனால் குட்டி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது மட்டும்தான் அவளுக்கு ஏதோ கொஞ்சம் உறைக்கும். அதுவும் இப்போது இல்லை. குட்டி திரும்ப வரவேண்டும், அதற்கு வீடு சுத்தமாக வேண்டும்.

பூச்சி மருந்து அடிக்கிறவர் வந்தார். வாய் ஓயாத மனுஷர்.

"கையைக் காட்டுங்கம்மா. பூச்சியைத் தேட வேண்டாம், கடியே பேரைச் சொல்லிடும். கணுக்காலோட நின்னா தெள்ளு. அங்கொண்ணு இங்கொண்ணுன்னா கொசு. சீழ் வெச்சா எறும்பு. இப்படிப் பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா இருந்தா மூட்டை. அது கடிக்கறதே தெரியாது, முதல்ல மரக்க வெச்சிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். டாக்டரைவிடக் கெட்டிக்காரன்!"

அவரே சிரித்துக்கொண்டார். பிறகு டார்ச்சை அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மெத்தைத் தையலையும் கட்டில் இடுக்கையும் சுவர் விரிசலையும் தேடினார். கறுப்புப் புள்ளியோ உரித்த தோலோ எதுவும் கிடைக்கவில்லை.

நாலு பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டப் பள்ளம். பள்ளங்களின் சுவரில் முகப்பவுடர் பூசினார், விழுந்தது ஏறமுடியாது.

"கட்டில் சுவத்துல படக்கூடாது, போர்வை தரையில தொங்கக்கூடாது. வர்றதுக்கும் போறதுக்கும் இந்தக் கால்தான் வழி. வெளிவட்டத்துல கிடந்தா, வீட்டுல எங்கேயோ இருந்து கட்டிலுக்கு வருது. உள்வட்டத்துல கிடந்தா, கட்டில்ல இருந்து இறங்குது. அவ்வளவுதான் கணக்கு."

மறுநாள் உள்வட்டத்தில் நாலு கிடந்தன. மெத்தையை எரித்தார்கள். அடுத்த நாள் உள்வட்டத்தில் பதினொன்று. பழைய மரக்கட்டில் போய்ப் புது இரும்புக்கட்டில் வந்தது, அதன் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. அன்றைக்கு அவள் விழித்துக் குனிந்து பார்த்தபோது உள்வட்டம் நாலும் அரிசி கொட்டியதுபோல வெளுப்பாக நிறைந்து, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. வெளிவட்டத்தில் பவுடர்கூடக் கலையவில்லை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

மறுபடி வந்த மருந்துக்காரர் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மூட்டை மாதிரிதான் இருக்கு... ஆனா கண்ணே இல்லையே. வெளிச்சத்தையே பாக்காத ஜாதி. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

வெறும் இரும்பையும் வெறும் பிளாஸ்டிக்கையும் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்தக் கட்டில்ல வேற என்னம்மா இருந்துச்சு?"

"நான்தான்."

அவர் பையை அள்ளிக்கொண்டு, செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். டார்ச் கட்டில் மேலேயே கிடந்தது.

அவள் அதை எடுத்து மணிக்கட்டுக்கு நேராக அடித்தாள். மூன்றும் இப்போது ஒன்பதாகியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனை அளவு துளை. துளையின் விளிம்பு உள்ளே அழுந்தியிருக்கவில்லை. வெளியே புடைத்திருந்தது, எறும்பு வளையின் வாசலில் மண் குவிந்திருப்பதுபோல.

கடி இல்லை. வாசல்.

முழங்கை வரைக்கும் வாசல்கள். கழுத்தில் தடவினாள். அங்கேயும். குட்டியின் முதுகில் இருந்தவை மட்டும்தான் கடி. எட்டு மாதமாக லீவு நாளெல்லாம் அவளை ஒட்டிக்கொண்டு படுத்ததற்குக் கிடைத்தது.

போனைத் தேடி எடுத்தாள்.

"அண்ணி, குட்டியைக் கூட்டிட்டு வராதீங்க. நான் சொல்றவரைக்கும் வேண்டாம்."

"இதென்ன கூத்து! நாங்க உன் வாசல்லதான் நிக்கிறோம். மருந்தெல்லாம் அடிச்சாச்சுல்ல? புள்ள ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு ஒரே அழுகை. கதவு வேற திறந்தே கிடக்கு."

மருந்துக்காரர் சாத்தாமல் போன கதவு.

ஓடிவரும் காலடி. "அம்மா!"

"வராத. குட்டி, அங்கேயே நில்லு."

நிற்கவில்லை. இடுப்பில் ஏறி, கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். தள்ளிவிட வேண்டும். கை எழவில்லை. தனக்குக் கை இருப்பதே தெரியவில்லை. சோப்பு வாசனை. சின்ன மூச்சு. அப்புறம், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்குள் ஏதோ அசைந்தது. மார்பிலிருந்து. தொண்டைக்கு. மூக்குத் தண்டுக்கு.

கண்ணின் ஓரம் குறுகுறுத்தது.

"அழுதுடும்மா." நாத்தனாரின் குரல் வாசலில் உடைந்தது. "அப்பாடா. நல்லா அழுதுடு."

கன்னத்தில் ஒன்று இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது. ஒரே கோட்டில்.

"அழாதம்மா," என்று குட்டி விரலால் துடைத்தாள். துடைத்த விரலைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

விரலில் ஈரம் இல்லை. வெளுப்பாக ஒன்று நகத்தைத் தாண்டி, அவசரமில்லாமல், உள்ளங்கையை நோக்கி நடந்துகொண்டிருந்தது.