சீல் பிரிக்காத பெட்டி

வந்த பெண்ணை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அடுத்த நொடியே எழுந்துவிட்டாள். கடைச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் நாலு வருடமாக கேமரா விற்பவள்.

"நேத்து ஒரு பல் டாக்டருக்குப் புதுக் கேமரா வித்தேன் சார். வீட்ல பிரிச்சுப் பார்த்தா லென்ஸ் மடிப்புல மணல் இருக்காம். காலைல வந்து சத்தம் போட்டார். முதலாளி என்னைக் கை காட்டிட்டார். புதுசை நான் எடுத்துக்கிட்டு என்னோட பழசை வெச்சுட்டேனாம். மத்தியானத்துக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணும், இல்லன்னா போலீஸ். எழுதிக் குடுத்தா அப்புறம் எந்தக் கடையும் என்னை வாசல்ல சேர்க்காது. சத்தியமா நான் எடுக்கல சார்."

இன்சூரன்ஸ்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எரிந்த கடைகள் தானாக எரிந்தனவா, எரிக்கப்பட்டனவா என்று முப்பது வருடம் துருவிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போதும் சிக்கல் என்றால் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். அவசரம் என்றால் என்ன விலை என்று கேட்பார். அவருக்கும் சேர்த்து அவசரப்பட அவருடைய மச்சினன் இருந்தான். அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்க வந்தவன், வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"கிளம்புங்க மாமா, மணி பதினொண்ணு ஆயிடுச்சு."

"இரு மச்சான். ஏம்மா, பெட்டியை சீலோடதான் குடுத்தியா?"

"ஆமா சார். டாக்டரே வீட்லதான் சீலைப் பிரிச்சார்."

கடை பத்து நிமிட நடை. மூவரும் போனபோது முதலாளியின் அறையில் டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி என்று கேட்டதும் மச்சினனுக்கு என்னவோ போலிருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்திரண்டு காட்டியது. இவ்வளவு நேரமா ஊர்ந்து வந்தோம் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"இந்த ரூமுக்கு யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"நானும் மேனேஜரும்தான்" என்றார் முதலாளி. "மத்தவங்க காலைல கையெழுத்துப் போட வருவாங்க, அதோட சரி."

"திரும்பி வர்ற சாமான்?"

"அன்னிக்கே கம்பெனிக்குப் போயிடும். இங்க ஒண்ணுகூட நிக்காது."

பெட்டியில் இருந்த எண்ணையும் கேமராவின் அடியில் இருந்த எண்ணையும் மச்சினன் உரக்கப் படித்தான். இரண்டும் ஒன்றேதான்.

"அப்போ யாரும் எதையும் மாத்தல மாமா. இது இந்தப் பெட்டிக் கேமராவேதான்."

"சரி. டாக்டர், இதுல தேதி, மணி நீங்க வெச்சீங்களா?"

"இல்லயே. போட்டதும் அது பாட்டுக்கு மணி காட்டுச்சு."

மச்சினன் கேமராவை ஆன் செய்தான். பதினொன்று இருபத்தெட்டு. சுவரிலும் அதேதான். ஆனால் அவன் கைபேசியில் பதினொன்று பதினாறு.

"ஏம்மா, இந்தக் கடிகாரம் ஏன் முந்தி ஓடுது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"ஆளுங்க நேரத்தோட வரணும்னு முதலாளியே கூட்டி வெச்சது சார்."

இன்சூரன்ஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புதுக் கேமராவை முதல்ல போட்டா தேதி, மணி கேக்கும். இது கேக்கல. அப்போ யாரோ ஏற்கெனவே வெச்சாச்சு. வெளில வெச்சிருந்தா சரியான மணி காட்டும். இது இந்தச் சுவரைப் பார்த்து வெச்ச மணி. திரும்பி வந்த கேமராவை இங்க உட்கார்ந்து பழைய படத்தையெல்லாம் அழிச்சுத் துடைச்சு, ஓடுதான்னு பார்த்து, புது சீல் ஒட்டியிருக்காங்க. மணல் மட்டும் கண்ணுல படல. இந்தப் பொண்ணு இங்க கையெழுத்துப் போட்டதும் போயிடும், நீங்களே சொன்னது. மீதி ரெண்டு பேர். கடிகாரத்தைக் கூட்டி வெச்சவர் அதைப் பார்த்து மணி வெக்க மாட்டார்."

"இது முந்தியா ஓடுது?" என்றார் மேனேஜர். அவரிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை போலும்.

முதலாளி அவர் பக்கம் பாய்ந்தார். "டேய், என் கடைல இப்படி ஒரு வேலை பண்ணியா?"

எந்த வீட்டிலும் மச்சினன் தலைதான் முதலில் உருளும் என்று நம் மச்சினனுக்கு நெஞ்சு எரிந்தது. மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லித்தானே ஒட்டினேன் மாமா" என்று அலமாரியைத் திறந்துவிட்டார். உள்ளே சீல் ஒட்டிய பெட்டிகள் இருபத்து மூன்று. டாக்டர் ஒன்றைக் கிழித்து கேமராவை ஆன் செய்தார். அதுவும் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடியது.

முதலாளியின் குரல் குழைந்தது. "சரிம்மா, ஏதோ நடந்துபோச்சு. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. சம்பளம் கூட்டித் தரேன்."

அவள் மேனேஜரைத்தான் பார்த்தாள். "எத்தனை வருஷமா?"

"மூணு."

"மூணு வருஷமா புத்தம் புதுசுன்னு என் வாயாலதான் சொல்லி வித்திருக்கேன்." புது மாடல் வந்தால் சொல்வதற்காக வாடிக்கையாளர் எண்களையெல்லாம் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தாள். முதல் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, கேமரா கடைலேருந்து பேசறேன். போன மாசம் உங்களுக்கு வித்தேனே, அது புதுசா இல்லாம இருக்கலாம். எனக்கு அப்போ தெரியாதுக்கா. பில்லோட வாங்க, நான் வாசல்லயே நிக்கறேன்."

முதலாளி கைபேசியைப் பிடுங்க வந்தார். மச்சினன் குறுக்கே போய் நின்றுகொண்டான். அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.